பணியாளர்களின் சமூக ஊடகப் பதிவுகள்: நிறுவனங்களின் அதிகாரம் எதுவரை?

பெங்களூரு: கொரோனா பரவலைத் தடுக்க நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய சில நாட்களில், 2020 மார்ச் இறுதியில், இன்ஃபோசிஸ் பணியாளர் ஒருவரின் பேஸ்புக் பதிவு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. பொது இடங்களில் தும்மி வைரஸைப் பரப்புவோம் என்று அப்பதிவு அழைப்பு விடுத்தது. மத்திய குற்றப் பிரிவு போலீசார் அவரைக் கைது செய்தனர். விசாரணையை முடித்த நிறுவனம், பதிவு தனது நடத்தை நெறிகளுக்கும் பொறுப்பான சமூக ஊடகப் பகிர்வு என்ற கொள்கைக்கும் எதிரானது எனக் கூறி அவரைப் பணிநீக்கம் செய்தது.

அப்பதிவு அவரது சொந்தக் கணக்கில் வெளியானது. நிறுவனத்தின் பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் நடவடிக்கை எடுக்க நடத்தை நெறிகளே போதுமானவையாக இருந்தன. பணியில் சேரும் நாளில் பலர் படிக்காமலேயே கையொப்பமிடும் ஆவணம் இது. சொந்தக் கணக்கில், ஓய்வு நேரத்தில் எழுதுபவற்றுக்கும் அது பொருந்தக்கூடும். 'இவை எனது தனிப்பட்ட கருத்துகள்' என்ற முகப்புக் குறிப்பு மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது.

அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கருத்துரிமையை வழங்கவில்லையா என்ற கேள்வி எழலாம். அவ்வுரிமை முதன்மையாக அரசுக்கு எதிராகவே கோரத்தக்கது. தனியார் நிறுவனத்துக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவைப் பணி ஒப்பந்தமும் தொழிலாளர் சட்டங்களுமே தீர்மானிக்கின்றன.

இதில் கர்நாடகத்தின் நிலை குறிப்பிடத்தக்கதாக இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கான நடைமுறைகளை வரையறுத்த 1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டத்திலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாநில அரசு 2014 முதல் விலக்கு அளித்தது. 2024 ஜூனில் அது மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. குறைதீர்ப்புக் குழு அமைக்க வேண்டும், பணியிடை நீக்கம், பணிநீக்கம் போன்றவற்றைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன விலக்கின் நிபந்தனைகளாக இருந்தன.

நிறுவனங்களை விரைந்து செயல்பட வைப்பது பெரும்பாலும் பொதுமக்களின் சீற்றமே. 2018 ஏப்ரலில் கதுவா சிறுமி கொலை குறித்து வெறுப்புக் கருத்துப் பதிவிட்ட கொச்சி கோட்டக் மஹிந்திரா வங்கி அலுவலரை நீக்கக் கோரி, வங்கியின் பேஸ்புக் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் குரல் எழுப்பினர். அவரது கருத்தைக் கண்டித்த வங்கி, பணித்திறன் குறைவு காரணமாக அவர் நீக்கப்பட்டதாக அறிவித்தது. காரணம் எதுவாயினும், எழுந்த கோரிக்கை நிறைவேறிவிட்டது.

அரசு ஊழியர்களின் நிலை வேறு. 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகளுக்கு மாற்றாகக் கர்நாடக அரசு 2021 ஜனவரியில் புதிய விதிகளை அறிவித்தது. அரசின் கொள்கைகளை விமர்சிக்க அவை தடை விதிக்கின்றன. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் பொருந்தும். சமூக ஊடகம் என்ற சொல்லே இல்லாத காலத்து விதிகள் அவை.

2023 பிப்ரவரியில் ஐ.பி.எஸ். அதிகாரி டி. ரூபா, ஐ.ஏ.எஸ். அதிகாரி ரோகிணி சிந்தூரி மீது பேஸ்புக்கில் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். சிந்தூரி அவற்றை மறுத்தார். மோதல் முற்றவே, பிப்ரவரி 21-ஆம் தேதி இருவரையும் புதிய பொறுப்பு எதுவும் வழங்காமல் அரசு இடமாற்றம் செய்தது. சிந்தூரி தொடுத்த அவதூறு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவுகளை நீக்குமாறு அந்நீதிமன்றம் 2023 டிசம்பரில் ரூபாவிடம் கூறியது.

இடமாற்றம் எளிது, பணிநீக்கம் அவ்வாறன்று. சில விதிவிலக்குகள் நீங்கலாக, குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரணை நடத்தாமல் அரசு ஊழியரை நீக்க 311-ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. மேலும், கருத்துரிமையை அவர் நேரடியாக அரசுக்கு எதிராகவே கோரலாம். திரிபுராவில் அரசியல் கூட்டத்தில் பங்கேற்றதற்காகவும் பேஸ்புக் பதிவுக்காகவும் ஓய்வு பெறும் தறுவாயில் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட ஊழியரின் வழக்கில், 2020 ஜனவரியில் அம்மாநில உயர் நீதிமன்றம் அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. நடத்தை விதிகளின் வரம்புக்கு உட்பட்டு, அரசு ஊழியருக்கும் தமது கருத்தை வெளியிடும் உரிமை உண்டு என்று அத்தீர்ப்பு கூறியது.