மலிவான ரயில் கிட் வாங்கமுதல் அடிமட்டத்தை எடுங்கோ

"அப்பா, என்ர கை சரியில்லை. எனக்கு இது வராது."

9 வயது மகள் இப்படிச் சொல்லிவிட்டு மேசையை விட்டு எழும்பிப் போய்விட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அவள் தனியே ஒட்டிப் பூட்டின சரக்குப் பெட்டி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கொன்டெய்னர் ஏற்றுகிற நீளமான தட்டைப் பெட்டி. இணையத்தில் 12 யூரோவுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நேரே போகும்போது ஒழுங்காகத்தான் போகும். வளைவு வந்தால் ஒவ்வொரு முறையும் விழும்.

இந்த ஆசை ஹம்புர்க்கில் தொடங்கியது. அங்கே 2001இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்டைப் பார்க்கப் போயிருந்தோம். மற்றப் பிள்ளைகள் விமான நிலையத்தைச் சுற்றி நிற்க, இவள் மட்டும் நீளமான சரக்கு ரயில்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் செய்து முடித்த பெட்டி ஒன்று 30, 40 யூரோ. பத்துப் பெட்டிக்கு எங்கே போறது? கிட் வாங்கிப் பூட்டினால் காசும் மிச்சம், பிள்ளைக்குக் கைவேலையும் வரும் என்று நினைத்தேன். கணக்குச் சரி. கிட்டைத் தெரிந்தெடுத்த விதம்தான் பிழை. பெட்டியில் இருந்த படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன்.

அவள் எழும்பிப் போனபோது எனக்கு என்னுடைய பத்து வயசு ஞாபகம் வந்தது. அப்பா உணவகச் சமையலறையில் வேலை செய்த காலம். நத்தாருக்கு ஒரு சின்ன ரயில் செட் வாங்கித் தந்திருந்தார். பிறகு ஒரு ப்ளோமார்க்ட்டில் இரண்டு யூரோவுக்கு ஒரு சரக்குப் பெட்டி எடுத்து வந்தார். அதைத் தண்டவாளத்தில் வைத்ததும் ரயில் நின்றுபோனது. எடுத்தால் ஓடும், வைத்தால் நிற்கும். அப்பா வாங்கித் தந்ததை நான் உடைத்துப்போட்டேன் என்று பயந்து, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். கனகாலத்துக்குப் பிறகுதான் காரணம் விளங்கியது. அது வேறு மின்முறைக்குச் செய்த பெட்டி. அதன் இரும்பு அச்சு, இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து ஷோர்ட் ஆக்கியிருக்கிறது. நான் ஒன்றையும் உடைக்கவில்லை.

நான் மென்பொருள் பொறியியலாளன். ஒரு ப்ரோகிராம் நின்றால், பாவித்தவரைக் குறை சொல்லமுதல் ஒவ்வொரு பாகமாகச் சோதிப்பதுதான் எங்கள் தொழில். அடுத்த நாள் மகளைக் கூப்பிட்டு, "உன்ர கையைப் பிறகு பாப்பம், முதல்ல பெட்டியைச் சோதிப்பம்" என்றேன். அடிமட்டம், சமையல் தராசு, பௌமார்க்ட்டில் வாங்கின வேர்னியர், முகம் பார்க்கும் கண்ணாடி. இவ்வளவுதான் ஆயுதம்.

அளவு

இங்கே அதிகம் விற்கும் ஹா-நுல் அளவு 1:87. (டே-டே என்றால் 1:120, என் என்றால் 1:160.) உண்மையான தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், 87ஆல் பிரித்தால் 16.5. ஆனால் பிரித்தானியாவின் டபிள்-ஓ கிட்டுகளும் இதே 16.5 தண்டவாளத்தில்தான் ஓடும், அவற்றின் அளவோ 1:76. லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பும் கிட்டில் இந்தச் சிக்கல் வரும்.

கண்டுபிடிக்கச் சுகமான வழி கொன்டெய்னர். 20 அடிக் கொன்டெய்னரின் நீளம் உலகம் முழுக்க 6.06 மீட்டர். 1:87இல் அது 70 மில்லிமீட்டர். 80 வந்தால் 1:76. 60க்குக் கிட்ட வந்தால் அது 1:100 விளையாட்டுச் சாமான். எங்களுடையது 70. முதல் சோதனையில் பெட்டி பாஸ்.

சக்கரம்

முக்கியமான இடம் இதுதான். பெட்டியின் உடம்பு எவ்வளவு வடிவாக இருந்தாலும், சக்கரம் பிழை என்றால் வளைவில் விழும். ஒரு அச்சில் இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி, இரு தண்டவாள முறையில் சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். எங்கள் நாலு அச்சில் இரண்டு 13.8. பிளாஸ்டிக் சக்கரம் என்பதால் அழுக்கையும் கெதியாகப் பிடிக்கும்.

உலோகச் சக்கரத்துக்கு மாற்றலாம். இரண்டு விஷயம் கவனியுங்கோ. ஒன்று, அச்சின் நீளம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். பழையதை அளந்துகொண்டு போங்கோ. இரண்டு, கொப்பிங்கனில் 1859இல் தொடங்கின மேர்க்லினின் ஹா-நுல் ரயில் நடுவிலும் மின்சாரம் எடுக்கும் மூன்று தண்டவாள முறை. அதற்குச் சக்கரத்தை மின் பிரித்து வைக்கத் தேவையில்லை. மற்றப் பெரும்பாலான கம்பனிகளின் இரு தண்டவாள முறைக்குக் கட்டாயம் தேவை. வீட்டில் எந்த முறை என்று தெரியாமல் ஒரு பெட்டியும் வாங்காதேங்கோ. என்னுடைய கட்டில் கதை உங்கள் வீட்டில் வேண்டாம்.

சட்டம்

பூட்டின பெட்டியைக் கண்ணாடியில் வையுங்கோ. எட்டுச் சக்கரமும் தொடவேண்டும். எங்களுடையதில் ஒரு மூலை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. மகள் ஒட்டின இடம் ஒவ்வொன்றையும் பார்த்தோம், எல்லாம் நேர். அச்சிலிருந்து வரும்போதே சட்டம் முறுக்கி வந்திருக்கிறது. கிட்டைத் திறந்த உடனே சட்டத்தை மட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்திருந்தால், ஒட்டமுதலே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

கொளுக்கி

பெட்டிகளை இணைக்கும் கொளுக்கிக்கு என்.ஈ.எம். 362 என்ற ஐரோப்பிய நியமம் உண்டு. அந்தச் சின்னக் கூடு இருந்தால் எந்தக் கம்பனிக் கொளுக்கியையும் இழுத்து மாற்றலாம். விவரத்தில் இந்த இலக்கம் இல்லாவிட்டால் விற்பவரைக் கேளுங்கோ. கொளுக்கியைப் பசையால் ஒட்டச் சொல்லும் கிட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பாரம்

தராசில் 41 கிராம். 23 சென்டிமீட்டர் பெட்டிக்கு இது பஞ்சு. நீள ரயிலின் நடுவில் வந்தால், வளைவில் உள்பக்கம் இழுபட்டுச் சாயும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் ஹா-நுல் பெட்டிக்கு 28 கிராமும், ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் இன்னொரு 14 கிராமும் சொல்கிறது. அந்தக் கணக்கில் இது 150ஐத் தாண்டும். ஐரோப்பியப் பெட்டிகள் பொதுவாக அதைவிட இலேசு. பக்கத்துப் பெட்டிகளோடு ஒத்துப்போனால் போதும். 5 சென்ட் காசு ஒன்று 3.92 கிராம். மூன்று கொன்டெய்னருக்குள்ளும் நாலு நாலாக 12 காசு ஒட்டினோம். 47 கிராம் கூடி 88 ஆனது. செலவு 60 சென்ட்.

இலக்கம்

இது மகளுக்காக நான் வைத்திருந்த சோதனை. இன்றைய ஐரோப்பியச் சரக்குப் பெட்டிகளில் 12 இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம், மற்றப் 11ஐயும் சரிபார்க்கும் இலக்கம். இடமிருந்து 2, 1, 2, 1 என்று மாறி மாறிப் பெருக்கவேண்டும். விடை ஈரிலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டி ஓரிலக்கம் ஆக்கவேண்டும். எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் அடுத்த பத்தை எட்ட எவ்வளவு குறைகிறதோ, அதுதான் கடைசி இலக்கம். கடன் அட்டை இலக்கத்துக்கும் இதே முறைதான்.

எங்கள் பெட்டியில் 31 80 4557 213-7 என்று அச்சிட்டிருந்தது. மகள் பென்சிலோடு குந்தினாள். கூட்டினால் 46. அப்ப 4 வரவேண்டும், 7 இல்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா, இதைச் செய்த ஆக்களே பிழை விட்டிருக்கினம்!"

நான் எத்தனை ஆறுதல் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

பிறகு சட்டத்தைச் சுடுநீரில் வைத்துப் பலகைக்கு அடியில் நிமிர்த்தினேன் (இது பெரிய ஆக்களின் வேலை). உலோகச் சக்கரம் நாலு அச்சுக்கு 8 யூரோ. ஒரு மீட்டர்த் தண்டவாளத்தின் ஒரு முனைக்குக் கீழே இரண்டரைச் சென்டிமீட்டர்ப் புத்தகம் ஒன்றை வைத்து விட்டோம். பெட்டி தானாக உருண்டு வந்தது. வளைவிலும் விழவில்லை. பிழையான 7ஐ மாற்றவேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

இப்போது காசுக் கணக்கைப் பாருங்கோ. 12உம் 8உம் 60 சென்டும். 12 யூரோக் கிட்டின் உண்மையான விலை 20 யூரோ 60. பழைய மாதிரி ரயில் சாமான் விற்கும் பேர்சேகளில் அதே காசுக்கு, நல்ல சக்கரத்தோடு செய்து முடித்த பெட்டியையே கண்டிருக்கிறேன். அங்கே கையில் எடுத்து உருட்டிப் பார்க்கவும் விடுவார்கள். அப்ப மலிவுக் கிட்டே வேண்டாமா? வேண்டும், பூட்டுகிற சந்தோஷத்துக்காக. ஆனால் சக்கரமும் சட்டமும் சரியான கிட்டாகப் பார்த்து வாங்குங்கோ. பிசிறை அரத்தால் தேய்க்கலாம், நிறத்தைப் பூசலாம், பாரத்தைக் கூட்டலாம். முறுக்கின சட்டத்தோடு ஒரு பிள்ளை மல்லுக்கட்ட முடியாது. பல பெட்டிகளில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். கூர்க்கத்தியும் பசையும் இருப்பதால், சின்னப் பிள்ளையோடு நீங்களும் இருந்து செய்யுங்கோ. ஜன்னலையும் திறந்து விடுங்கோ.

போன கிழமை அப்பா வந்திருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து ஏற்றிப் போன பெட்டிகளைப் பற்றிப் பேத்திக்குக் கதை சொன்னார். அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே ஒளித்த பெட்டியின் கதையை முதல்முறை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நீ அதை வைச்சு விளையாடேல்லை எண்டு கண்டனான். ரெண்டு யூரோச் சாமானை வாங்கிப் பிள்ளையை ஏமாத்திப்போட்டன் எண்டு நினைச்சன்" என்றார்.

ஒரு அச்சுக்காக நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு காலம் எங்களையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் ஒரு பெட்டி கவிழ்ந்தால், பிள்ளை "எனக்கு வராது" என்று சொல்லமுதல் அடிமட்டத்தை அவளின் கையில் குடுங்கோ.