உஷார்! சொந்த ரூட்டர் வாங்குங்கள், கம்பெனி பெட்டியைக் கழற்றாதீர்கள்

பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை, தறி ஷெட் கேமரா அடிக்கடி விட்டுப்போகிறது என்று ஆன்லைனில் புது ரூட்டர் ஆர்டர் போட்டிருக்கிறீர்களா? வந்ததும் நெட் கம்பெனி கொடுத்த பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டிவிடலாம் என்று எண்ணமா? கையை எடுங்கள். நெட், டி.வி., போன் மூன்றும் ஒரே ஃபைபர் ஒயரில் வருகின்றன என்றால் இரண்டு மடங்கு உஷாராக இருங்கள்.

தறி ஓடும் சாமளாபுரம், சோமனூர், மங்கலம் பக்கத்தில் நெட் என்பது படம் பார்க்க மட்டும் இல்லை. இ-வே பில் போடுவதும், ஷெட்டைக் கண்காணிப்பதும் அதில்தான். அது ஒருநாள் நின்றால் பாவு ஏற்றிய வண்டி கிளம்பாது.

சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டி வெறும் வைஃபை பெட்டி அல்ல. அதற்கு ஓ.என்.டி. என்று பெயர். ஒளியாக வரும் சிக்னலை மின்சிக்னலாக மாற்றுவது அதுதான். அதன் சீரியல் நம்பரைக் கம்பெனி பக்கம் பதிந்து வைத்திருப்பார்கள். நம்பர் பதியாத பெட்டிக்கு நெட் கிடைக்காது. கடையில் விற்கும் சாதாரண ரூட்டரில் ஃபைபர் ஒயரைச் செருகத் துளையே கிடையாது.

இது தெரிந்ததும் சிலர் பழைய ஓ.என்.டி. ஒன்றைத் தேடி வாங்கிவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு ஃபைபர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப்போல, ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன் முறை வரும்போது மட்டுமே ஒளி அனுப்ப வேண்டும். கெட்டுப்போன ஒரு பெட்டி முறை பார்க்காமல் விடாமல் ஒளியடித்தால், அந்த ஃபைபரில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் நெட் போய்விடும். யார் வீட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்க கேபிள்காரர் ஒவ்வொரு வீடாகக் கழற்றிப் பார்க்க வேண்டிவரலாம். கடைசியில் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

ஃபைபர் ஒயர் முனையையும் பாருங்கள். பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீல முனை அப்படி இல்லை. பச்சையை நீலத் துளையில் செருகினால் சிக்னல் விழும், முனையும் கெடும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்து 'லைட் வருதா' என்று பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

டி.வி. விஷயம் இன்னும் சிக்கல். "ஏனுங்கண்ணா, நெட்டு ஜம்முனு வருதுங்க, டி.வி. மட்டும் வரமாட்டேங்குது" என்பதுதான் பெட்டி மாற்றியவர்கள் வழக்கமாகச் சொல்வது. உள்ளூர் கேபிள்காரர்கள் பலர் அதே ஃபைபரில் தனி அலைநீளத்தில் டி.வி.யை அனுப்புகிறார்கள். பெட்டியின் பின்னால் கேபிள் ஒயர் திருகும் உருண்டைத் துளை இருந்தால் உங்களுடையது அந்த வகை. அந்தத் துளை இல்லாத பெட்டியை மாட்டினால் டி.வி. கறுப்புத்தான். பெரிய கம்பெனிகள் நெட் வழியாகவே சேனல் தருகின்றன. பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் அப்படி ஆரம்பித்தது. ஏர்டெல் 2025 மார்ச்சில் 2,000 ஊர்களில் கொண்டுவந்தது. இந்த வகையில் டி.வி.க்கென்று தனிப் பாதை ஒதுக்கியிருக்கலாம். அந்தப் பாதை தெரியாத ரூட்டருக்குப் பின்னால் செட்டாப் பாக்ஸை மாட்டினால், படம் கொஞ்ச நேரம் ஓடி அப்படியே உறைந்து நிற்கலாம். டி.வி. கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செலவழிக்காதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? கம்பெனி பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் லேன் துளையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து உங்கள் ரூட்டரின் வேன் துளையில் செருகுங்கள். செட்டாப் பாக்ஸும் போனும் பழைய பெட்டியிலேயே தொடரட்டும். உங்கள் வைஃபை ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடலாம். ரூட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறையில் வைத்தால் வேலை இன்னும் சுலபம். பழைய பெட்டிக்குப் பதில் உங்கள் ரூட்டரே லாகின் செய்யும் பிரிட்ஜ் முறைதான் வேண்டும் என்றால் கேபிள்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள், யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு கையில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் தனக்குப் பிடித்த பெட்டியை மாட்டிக்கொள்ளும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. இங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அடாப்டரைக் கவனிக்காமல் விடுகிறார்கள். இரண்டு பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரே அளவுப் பின். ஒன்றில் 9 வோல்ட், இன்னொன்றில் 12 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கலாம். மாற்றிச் செருகினால் பெட்டி புகைந்தாலும் புகையலாம், இல்லை எரியாமலே கிடக்கும். தறி ஷெட்டுக்குள் வைத்தால் பஞ்சு தூசி காற்றோட்டத் துளைகளை அடைத்து பெட்டி சூடேறும். ஷெட்டுக்கு வெளியே சுவரில் மாட்டுங்கள்.

இன்னொரு பயம் பாஸ்வேர்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் வைரஸ் தாக்கிச் செயலிழந்தன. பெட்டியோடு வந்த 'அட்மின்' பாஸ்வேர்டைப் பலர் மாற்றாமலே விட்டிருந்தார்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் மிரட்டல் மின்னஞ்சல் போனது நவி மும்பையில் யாரோ ஒருவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியாக. போலீஸ் முதலில் போய்க் கதவு தட்டியது அந்த வீட்டில்தான். உங்கள் ரூட்டரில் முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். செல்போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள்.

எதைத் தொடுவதற்கு முன்னும் பெட்டியின் பின்பக்கத்தை, எந்த ஒயர் எந்தத் துளையில் என்று தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இந்த வேலையை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குச் சிக்னல் இல்லை என்று பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தால் வந்து பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம்.