ஒரு வகுப்பில் எத்தனை மொழிகள்?

ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள் உள்ளன என்று எண்ணிவிட்டால் மட்டும் அக்காட்டை அறிந்ததாகாது. நூறு மரங்களில் 98 தேக்காகவும், எஞ்சிய இரண்டும் வெவ்வேறு மரங்களாகவும் இருந்தால், "மூன்று வகை" என்னும் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். இதற்கு பிரிட்டிஷ் புள்ளியியலார் எட்வர்ட் சிம்ப்சன் 1949-இல் ஒரு வழி சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுத்தால், அவை ஒரே வகையாக அமைய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கேளுங்கள் என்றார். 1956-இல் அமெரிக்க மொழியியலார் ஜோசப் கிரீன்பெர்க் இதே போன்ற கேள்வியை மனிதர் பேசும் மொழிகளுக்கும் எழுப்பினார்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்குப் போவோம். முல்லையாறு பாயும் இப்பகுதியில் தமிழ் மட்டும் பேசப்படுவதில்லை. காப்பிலியர் வீடுகளில் கன்னடம், கம்பளத்தார் வீடுகளில் தெலுங்கு, மலையடிவாரத்தில் பளியரின் பேச்சு. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வருவோர் காதில் மலையாளமும் விழுகிறது. இவர்களுள் பலருக்கு வீட்டில் பேச ஒரு மொழி. எழுதப் படிக்கத் தமிழ்.

இங்குள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பில் 30 குழந்தைகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் தமிழ் பேசுவோர் 18, கன்னடம் 9, தெலுங்கு 3. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். அதைத் திரும்பப் போட்டுவிட்டு மீண்டும் ஒன்றை எடுங்கள். இரண்டும் தமிழாக இருக்கும் வாய்ப்பு 0.6 x 0.6 = 0.36. இரண்டும் கன்னடமாக இருக்க 0.09, தெலுங்காக இருக்க 0.01. கூட்டினால் 0.46. ஆகவே இருவரும் வெவ்வேறு வீட்டுமொழியினராக இருக்கும் வாய்ப்பு 0.54. மூன்று மொழிகள் சரிபாதியாக, அதாவது பத்துப் பத்தாக, இருந்தாலும் இது 0.67-ஐத் தாண்டாது! ஆனால் பயிற்றுமொழியை மட்டும் பார்த்தால் முப்பது பேருக்கும் தமிழ். அந்தக் கணக்கில் விடை பூஜ்யம்.

அந்த பூஜ்யத்தில்தான் சிக்கல். ஆசிரியர் கரும்பலகையில் "பால்" என்று எழுதுகிறார். இன்றைய கன்னடத்தில் அது ஹாலு. புலி ஹுலி, பத்து ஹத்து, பல் ஹல்லு, பூ ஹூ. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. பிற்காலத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்தது. தெலுங்கில் பகரம் மாறவில்லை: பாலு, புலி. ஐந்து வயதுக் குழந்தை வாய்திறக்காமல் விழிப்பதைக் கண்டு "மந்தம்" என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அது தன் வீட்டுச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

நம் அரசியலமைப்பில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்கிறது. மூன்று குழந்தைகளுக்காகத் தனி வகுப்பு நடத்துவது கடினந்தான். ஆனால் பால்–ஹாலு உறவை அறிந்த ஆசிரியருக்குத் தனி வகுப்பு தேவையில்லை. ஒரு சொல்லைக் காட்டினால் பத்துச் சொற்கள் வந்துவிடும்.

கிரீன்பெர்க்கும் இதைக் கவனித்தார். தமிழுக்குக் கன்னடம் நெருங்கிய உறவு. இந்தி அவ்வளவு நெருக்கமன்று. எனவே மொழிகளுக்கிடையே உள்ள ஒற்றுமையையும் கணக்கில் சேர்க்கும் வேறொரு முறையையும் அவர் தந்தார்.

நீங்களும் உங்கள் பள்ளியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதியைக் கேட்காதீர்கள், அதற்கும் இக்கணக்குக்கும் தொடர்பில்லை. "வீட்டில் பாட்டியிடம் எந்த மொழியில் பேசுவாய்?" என்று கேளுங்கள். பாட்டியிடம் தெலுங்கும் அப்பாவிடம் தமிழும் பேசும் குழந்தை கட்டாயம் அகப்படும். அதை எந்தக் கட்டத்திலும் திணிக்காமல் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.