உங்கள் லட்சியத்தைப் பிரஞ்சில் சொல்லுங்கள், பார்ப்போம்!

“உங்கள் லட்சியம் என்ன?” என்று யாராவது திடீரென்று கேட்டால் என்ன சொல்வீர்கள், சகோதரிகளே? “பெரியவனுக்கு நல்ல காலேஜில் இடம் கிடைக்கணும். சின்னவளுக்குச் சளித் தொந்தரவு போகணும். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வராமல் இருக்கணும்...” இப்படித்தானே? இதில் ‘நான்’ எங்கே என்று தேடினால் கிடைக்காது!

பிரஞ்சுப் பரீட்சையில் இந்தப் பதில் செல்லாது. இதை நான் தெரிந்து கொண்டது என் அண்ணன் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபோதுதான்.

பெரம்பலூரில் குடும்பம் நடத்துகிறவளுக்கும் பிரஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? காலேஜில் தமிழுக்குப் பதில் பிரஞ்சு எடுத்துப் படித்தவள் நான். அது முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. அண்ணன் வீடு அரியலூரில். அவர் மகளைப் புதுச்சேரியில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் ‘சொல்தா’ குடும்பம். பிரஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரிப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. அப்போது ‘பிரஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்’ என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் அதுவும் ஒன்று. மாப்பிள்ளைக்குப் பாரிஸ் பக்கத்தில் வேலை. மூன்று வயதுப் பெண் குழந்தையோடு இவளும் போக வேண்டும்.

பிரான்சில் மொழிச் சட்டம் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2024 ஜனவரியில் போட்ட சட்டப்படி, 2026 ஜனவரி முதல் பல வருஷத்துக்கான குடியிருப்பு அட்டைக்கு ‘ஏ2’ நிலையும், பத்து வருஷ அட்டைக்கு ‘பி1’ நிலையும், குடியுரிமைக்கு ‘பி2’ நிலையும் கேட்கிறார்கள். ஆகவே, “இங்கேயே கொஞ்சம் படித்து ஏ2 பரீட்சையை முடித்துக்கொண்டு போகட்டும்” என்று குடும்பத்தில் முடிவு செய்தோம். சனிக்கிழமைதோறும் நான் பஸ் ஏறி அரியலூர் போனேன். ஒரு மணி நேரப் பயணம். பருத்தி, மக்காச்சோளக் கொல்லைகளையும் சிமெண்டு லாரிகளையும் பார்த்துக்கொண்டே வினைச்சொற்களை மனப்பாடம் செய்வேன்!

வாய் திறக்காத கேள்வி

‘என் பெயர் இது, ஊர் இது, ஒரு குழந்தை’ என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் அவளுக்கு வந்துவிட்டது. ‘வருங்காலத்தில் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?’ என்ற பாடம் வந்ததும் பேச்சு நின்று போயிற்று. பிரஞ்சில் வார்த்தை தெரியவில்லையோ என்று தமிழிலேயே கேட்டேன்.

“பாப்பா நல்லாப் படிக்கணும் அத்தை. அவங்களுக்கு அங்க வேலை நிரந்தரமாகணும்.”

“சரிம்மா. உனக்கு?”

“எனக்கென்ன அத்தை... வீட்ல சும்மாதானே இருக்கேன்.”

சும்மா இருக்கிறாளாம்! கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எட்டு வருஷமாக அந்தத் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். ஆரி வேலை செய்தால் ஜயங்கொண்டத்திலிருந்துகூட வந்து வாங்கிப் போவார்கள். அதை ஒரு வேலை என்று அவளும் நினைக்கவில்லை, வீட்டிலும் யாரும் நினைக்கவில்லை.

‘எனக்கு’ என்பதும் ‘நான்’ என்பதும்

இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழில் ‘தைக்கிறேன்’ என்றாலே போதும். கடைசியில் வரும் ‘ஏன்’ என்பதே ‘நான்’ என்று சொல்லிவிடும். பிரஞ்சில் பல வினைச்சொற்களுக்கு, நான், நீ, அவள் யாராக இருந்தாலும் காதில் விழும் ஒலி ஒன்றுதான். அதனால் முன்னால் ‘ழெ’ என்று சொல்லியே ஆக வேண்டும். ‘ழெ’ என்றால் ‘நான்’. (இந்த ‘ழ’ நம் ‘வாழை’யில் வரும் ‘ழ’ அல்ல. ‘ஷ’ சொல்லும்போது தொண்டையையும் அதிரவிட்டால் வரும் ஒலி. தமிழில் அதை ‘ழ’ போட்டு எழுதுவது வழக்கம்.)

இன்னொன்றும் கவனியுங்கள். நாம் பேச்சில் ‘எனக்கு வேணும்’, ‘எனக்குத் தெரியும்’, ‘என்னால முடியும்’ என்கிறோம். ஆசையும் அறிவும் எங்கிருந்தோ நம்மிடம் வந்து சேர்ந்தது போலப் பேசுகிறோம். பிரஞ்சுக்காரர்களுக்கு எல்லாமே ‘நான்’தான்: ‘ழெ வெ’ - வேணும், ‘ழெ சே’ - தெரியும், ‘ழெ பெ’ - முடியும். எது உயர்த்தி, எது தாழ்த்தி என்று சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்தாலே ‘நான்’ என்று ஆரம்பித்தாக வேண்டிய ஒரு மொழி, நம்மைப் போன்ற பெண்களுக்கு நல்ல பயிற்சி!

‘ழெ வெ’ என்பது கொஞ்சம் கறாராகக் கேட்கும். மரியாதையாகச் சொல்ல ‘ழெ வூத்ரே’ என்று இருக்கிறது. ‘விரும்புகிறேன்’ என்று பணிவாகச் சொல்வது போல. கடையில் ரொட்டி கேட்பதற்கும் அதுதான், வாழ்க்கை லட்சியம் சொல்வதற்கும் அதுதான்.

மூன்று சனிக்கிழமை கழித்து என் மருமகள் சொன்னாள்: “ழெ வூத்ரே த்ரவாய்யே கொம் கூத்யூரியேர்.” அதாவது, ‘தையற்காரியாக வேலை செய்ய விரும்புகிறேன்’. சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. “இப்ப இதையே தமிழ்ல சொல்லும்மா” என்றேன். அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று!

நமக்குச் சுலபமான விஷயங்கள்

பிரஞ்சு கஷ்டம் என்று பயப்படாதீர்கள். தமிழ் தெரிந்தவர்களுக்குச் சில இடங்கள் இங்கிலீஷ்காரர்களைவிடச் சுலபம். ‘ஆறு மாசமா பிரஞ்சு படிக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோமல்லவா? பிரஞ்சிலும் அப்படியேதான்: ‘ழாப்ரான் ல ஃப்ரான்சே தெப்வி சீ முவா.’ ‘தெப்வி’ என்பதுதான் நம் ‘மாசமா’வில் இருக்கும் ‘ஆ’. இங்கிலீஷில் இதற்கு ‘ஹேவ் பீன் லேர்னிங்’ என்று மூன்று சொல் வேண்டும்!

மூக்கால் ஒலிக்கும் எழுத்துகளும் அப்படித்தான். ‘மரம்’, ‘அவன்’ என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் வாய் மூடுவதில்லை, நாக்கும் மேலே ஒட்டுவதில்லை. ஒலி மூக்கு வழியாக வழிந்து போய்விடுகிறது. ‘ஃப்ரான்சே’யில் வரும் ‘ஆன்’ அதுவேதான்.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. ‘தான் சீ முவா’ என்றால் ஆறு மாதம் கழித்து. ‘ஆன் சீ முவா’ என்றால் ஆறு மாத காலத்துக்குள். வேலை கேட்கிற இடத்தில் இரண்டையும் மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறிவிடும்.

மூன்று கட்ட நோட்டு

லட்சியத்தைச் சொன்னால் மட்டும் போதுமா? எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றும் சொல்ல வேண்டுமே. அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்று கட்டமாகப் பிரித்தோம்.

1. ‘அவான்’ - முன்பு. ‘முன்பு டாக்டரிடம் பேச முடியாது.’

2. ‘மேந்த்னான்’ - இப்போது. ‘இப்போது குழந்தைக்கு ஜுரம் என்று சொல்ல முடியும்.’

3. ‘பா ஸாங்கோர்’ - இன்னும் இல்லை. ‘எத்தனை நாளாக, எவ்வளவு ஜுரம் என்று இன்னும் சொல்ல வரவில்லை.’

இந்த மூன்றாவது கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘தெரியாது’ என்று எழுதுவதற்கும் ‘இன்னும் இல்லை’ என்று எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள். ஒவ்வொரு வாரமும் மூன்றாம் கட்டத்திலிருந்து ஒன்றாவது இரண்டாம் கட்டத்துக்கு நகர வேண்டும் என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். நகர்ந்ததும், ‘ழே ஃபே தே ப்ரோக்ரே’ (முன்னேறியிருக்கிறேன்) என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். குழந்தையும் கூடவே சேர்ந்து கத்தும்!

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஏ1, ஏ2, பி1 என்ற இந்த நிலைகளை ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் நூலாக வெளியிட்டது. அதில் ஒவ்வொரு நிலையையும் ‘என்னால் இது முடியும்’ என்கிற வாக்கியங்களால்தான் அளந்திருக்கிறார்கள். ஆகவே, ‘பிரஞ்சு கற்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘பொங்கலுக்குள் கடையில் அளவு சொல்லித் துணி வாங்க முடிய வேண்டும்’ என்று எழுதுங்கள். அப்போதுதான் பொங்கல் அன்று உங்களை நீங்களே அளந்து பார்க்க முடியும்.

பரீட்சை எப்படி இருக்கும்?

‘டெல்ஃப்’ என்ற இந்தப் பரீட்சையைப் பிரெஞ்சு அரசு 1985-ல் கொண்டு வந்தது. ஏ2-வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 25 மார்க், மொத்தம் 100. பாஸாக 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. பேசும் பகுதி ஆறு முதல் எட்டு நிமிஷம்தான். முன்கூட்டித் தயார் செய்து கொள்ளப் பத்து நிமிஷம் கொடுப்பார்கள். ஒருமுறை வாங்கிய சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அடுத்த பி1 நிலையில், தேர்வாளர் உங்களைப் பற்றிக் கேட்கும்போது கடந்த காலம், இன்றைய வாழ்க்கை, வருங்காலத் திட்டம் மூன்றையும் தொட்டுப் பேச வேண்டியிருக்கும். அங்கே நம் மூன்று கட்ட நோட்டு அப்படியே கைகொடுக்கும்.

புதுச்சேரியில் 1889 முதல் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது, சென்னையிலும் உண்டு. அங்கே போய்ப் படிக்க முடியாதவர்கள் செல்போனிலேயே காதைப் பழக்கலாம். ஆர்.எஃப்.ஐ. வானொலி எளிய பிரஞ்சில் செய்தி தருகிறது. டிவி5 மோந்த் நிறுவனம் இலவசப் பாடங்கள் தருகிறது. வெங்காயம் உரித்துக்கொண்டே பத்து நிமிஷம் கேட்டால் போதும்.

வயதாகிவிட்டதே என்கிறீர்களா?

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே அடைக்கல மாதா கோயிலில் இருந்து தொண்டு செய்தவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்தவர், 1710-ல் இந்தியா வந்தார். அதாவது, முப்பது வயதுக்கு அப்புறம்தான் தமிழின் அரிச்சுவடியைப் பிடித்தார்! அவரே பிறகு ‘சதுரகராதி’ தொகுத்தார். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தெரிய இன்று நாம் எழுதுகிற முறையைக் கொண்டு வந்தவரும் அவர்தான். நம் ஊர் மண்ணில் உட்கார்ந்து ஓர் இத்தாலியர் தமிழை இப்படிக் கற்க முடிந்ததென்றால், இருபத்தாறு வயதுப் பெண் பிரஞ்சு பேச முடியாதா?

என் மருமகள் புதுச்சேரியில் ஏ2 எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். பேசும் பகுதியில் 25-க்கு 16. “ழெ கூ தெப்வி வித்தான்” (எட்டு வருஷமாகத் தைக்கிறேன்) என்று ஆரம்பித்தாளாம். தேர்வாளர் அம்மாள் தன் சட்டைக் கையைக் காட்டி, இதைத் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாராம். பாடத்தில் இல்லாத கேள்வி! “ஒரு நாள்” என்றாளாம் இவள், பிரஞ்சில்.

அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது வேறு. ரிசல்ட் வந்த அன்று சாப்பிடும்போது, “அப்பா, நான் அங்க போய்த் தையல் வேலைக்குப் போகணும்னு இருக்கேன்” என்று தமிழிலேயே சொன்னாள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவளுடைய தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போட உட்கார்ந்துவிட்டார். “புறப்படற வரைக்கும் தைக்கணும்ல” என்றார். சொல்லாத வரை வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

பிரஞ்சுக்காரர்கள் ‘பெத்தித்தா பெத்தி’ என்பார்கள்; கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். பறவை கூடு கட்டுவதைப் போல என்று அவர்கள் பழமொழி சொல்லும். நாம் சிறுதுளி பெருவெள்ளம் என்கிறோம்.

நீங்கள் வெளிநாடு போகப் போவதில்லையா? பரவாயில்லை. குழந்தைகளின் பழைய நோட்டில் மீதியிருக்கும் தாள்களைக் கிழித்துத் தையுங்கள். மூன்று கட்டம் போடுங்கள். முதல் வரியை, ‘குழந்தைக்கு’, ‘அவருக்கு’ என்று தொடங்காமல் ‘நான்’ என்று தொடங்கி எழுதுங்கள். நீச்சலோ, கணக்கோ, ஸ்கூட்டர் ஓட்டுவதோ, எதுவாகவும் இருக்கட்டும். எழுதியதை இந்த வாரமே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால், இருக்கவே இருக்கிறது: ‘ழெ வூத்ரே...’