கறுப்பு விரிப்பில் வெள்ளைத் துணுக்கு

தோட்டத்தில் பால்மரம் சீவும் குடும்பங்களில், அழுக்குத் தெரியாதிருக்கட்டும் என்று கறுப்பு, கருநீல விரிப்புகளையே நாம் வாங்குகிறோம். அழுக்கு மறைகிறது, வெள்ளைத் துணுக்கோ பளிச்சென்று தெரிகிறது. விருந்தாளி வந்தால் கூசுகிறோம். மறுநாள் தூரிகை போட்டு அழுத்தித் தேய்க்கிறோம்.

தவறு இங்கேதான் இருக்கிறது. அத்துணுக்கு அழுக்கல்ல, பருத்தி நூலிலிருந்து அறுந்த சிறு இழை. தேய்க்கத் தேய்க்க மேலும் இழைகள் அறுகின்றன. சம்பளப் பணத்தில் வாங்கிய விரிப்பும் மெலிந்து போகிறது.

துவாலைகள் நிறைய இழை உதிர்ப்பவை. ஆகவே அவற்றோடு சேர்த்து ஊறப்போடாமல், கருநிறத் துணிகளை முதலில், புதுத் தண்ணீரில் துவைப்போம். தலையணை உறையை உட்புறம் வெளியே வரத் திருப்பிக் கையால் கசக்கி அலசுவோம். நன்றாக உதறி, சாயம் வெளுக்காதிருக்க நிழலில் உலர்த்துவோம். எஞ்சிய துணுக்கை ஈரக் கையால் ஒரே பக்கமாக வழித்தெடுக்கலாம்.

மலாய்க்காரர் கெக்காபு என்னும் இலவம்பஞ்சின் இழை வழுவழுப்பானது. இடைவெளியுள்ள துணி வழியே நழுவி வெளியே வரும். அத்தகைய தலையணைக்கு நெருக்கமாக நெய்த உள்ளுறை ஒன்று தைத்துப் போடுவோம்.

துணுக்கைக் கண்டு எந்தத் தாயையும் சுத்தமில்லாதவள் என்று நாம் எண்ண வேண்டாம்.