பூனையின் வாய்ப்புண்

தெனாலிராமனின் பூனை பாலைக் கண்டதும் ஓட்டம் பிடித்த கதையை நேயர்கள் அறிவர். கொதிக்கும் பாலில் ஒருமுறை வாயைச் சுட்டுக்கொண்டதே அதற்குக் காரணம். கதை வேடிக்கையானது, ஆயினும், வாய் நோகும் பூனை உணவைக் கண்டு ஒதுங்கும் என்பது உண்மை. தில்லியிலும் மும்பையிலும் மாடிக் குடியிருப்புகளில் பூனை வளர்க்கும் நம்மவர் சிலர், 'செல்லம் மிகுந்துவிட்டது; பசித்தால் தின்னும்' என்று வாளாவிருந்துவிடுகின்றனர். தட்டருகே ஆவலுடன் வந்து, முகர்ந்து, ஒரு வாய் கவ்வியபின் தலையை உதறி விலகும் பூனைக்குப் பசி இல்லாமலில்லை. வாயில் நோவு இருக்கிறது. எச்சில் வடிதலும் வாய் நாற்றமும் உடன் காணப்படலாம்.

இந்நோவுக்குப் பல வேளைகளில் வைரஸ்களே காரணமாகின்றன. காலிசி வைரஸ் நாவிலும் அண்ணத்திலும் புண்களை உண்டாக்கும். ஹெர்ப்பிஸ் வைரஸால் தும்மலும் மூக்கடைப்பும் வரும். மணம் தெரியாத உணவைப் பூனை எளிதில் தொடாது. 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் முதலியோர் கண்ட இரத்தப்புற்று வைரஸும், 1986இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் கண்டறியப்பட்ட எதிர்ப்பாற்றல் குறைவு வைரஸும் உடலின் காப்பைத் தளர்த்தி, ஈறுகளை ஆறாப் புண்ணாக்க வல்லவை. பூனையைப் பற்றும் இந்நான்கும் மனிதரைப் பற்றுவதில்லை. குழந்தைகளுள்ள வீட்டார் அஞ்சிப் பூனையைத் தெருவில் விட்டுவிட வேண்டியதில்லை.

வெறிநோய் அப்படிப்பட்டதன்று. அதிலும் எச்சில் வடியும், விழுங்க இயலாது. ஆகவே எச்சில் வடிக்கும் பூனையின் வாயை நாமே விரலிட்டுத் திறந்து பார்த்தல் ஆகாது. கடியோ கீறலோ பட்டால், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோவு தணியட்டுமென நமது பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுப்போரும் உளர். ஒரு மாத்திரையே பூனையின் உயிரைக் குடிக்கப் போதும். இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலோ, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்புப் படிந்து நிலைமை முற்றும். காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை நாடுதலே தக்கது.

ஈறு அழற்சி மருந்துக்கு அடங்காதபோது, மருத்துவர் கடைவாய்ப் பற்களையோ எல்லாப் பற்களையுமோ பிடுங்கிவிடச் சொல்லக்கூடும். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கிறது. ஆயினும் இவ்வாறு செய்யப்பெற்ற பூனைகளில் பெரும்பாலானவை நன்கு தேறுகின்றன. பல்லின்றியே வயிறார உண்கின்றன. குட்டிப் பருவத்திலேயே இடப்படும் தடுப்பூசி, காலிசி, ஹெர்ப்பிஸ் இரண்டையும் அறவே தடுக்காவிடினும், நோயின் கடுமையைப் பெரிதும் குறைக்கும். புண் ஆறும்வரை முள் நீக்கி மசித்த மீனைச் சற்றே வெதுவெதுப்பாக வைத்தால், மணம் எழுந்து பூனையை இழுக்கும்.