உறங்க விடாத கால்கள்

விளக்கை அணைத்துப் படுத்த சிறிது நேரத்தில் அது தொடங்கிவிடுகிறது. கெண்டைக்காலின் உள்ளே ஏதோ ஊர்வது போலவும், இழுப்பது போலவும், குடைவது போலவும் ஓர் உணர்வு. வலி என்றும் சொல்ல முடிவதில்லை; அரிப்பு என்றும் சொல்ல முடிவதில்லை. காலை நீட்டி மடக்கினால் சற்றே ஆறுதல். அசையாமல் வைத்தால் மீண்டும் அதே தவிப்பு. முடிவில் எழுந்து கூடத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. நள்ளிரவைக் கடந்து வெகுநேரம் ஆன பின்னரே கண் அயர்கிறது.

காலையில் இதை வீட்டாரிடம் சொன்னால், "நேற்று அதிகம் நின்றிருப்பீர்கள்", "வயதானால் அப்படித்தான்", "மனக்கவலையாக இருக்கும்" என்னும் பதில்களே கிடைக்கின்றன. நாளடைவில் நோயாளி சொல்வதையே நிறுத்திவிடுகிறார். இந்த மௌனமே இந்நோயில் பெரும் இழப்பு. ஏனெனில், இதனைக் காட்டித் தரும் ஊடுகதிர்ப் படமோ ஸ்கேனோ இல்லை. நோயாளி தம் சொற்களால் விவரிப்பதைக் கொண்டே மருத்துவர் இதனை அறிகிறார்.

பெயருள்ள நோய்

இத்துன்பத்தை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்துள்ளார். 1945இல் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்பாம் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். ஆகவே 'அமைதியற்ற கால்கள் நோய்' எனப்படும் இதற்கு 'வில்லிஸ்-எக்பாம் நோய்' என்னும் பெயரும் உண்டு.

இதன் அடையாளங்கள் நான்கு. காலை அசைத்தே ஆக வேண்டும் என்னும் அடக்க இயலாத உந்துதல், உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ அது தோன்றுதல் அல்லது மிகுதல், நடந்தால் தணிதல், மாலையிலும் இரவிலும் கடுமையாதல். சிலருக்குக் கைகளிலும் இது தோன்றும். தசை இறுகிக் கட்டிக்கொள்ளும் குரக்குவலி வேறு. நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டோருக்கு வரும் பாத எரிச்சலும் வேறு. நடந்தால் அது இவ்வாறு தணிவதில்லை. எனினும் ஒருவருக்கே இரண்டும் இருக்கக்கூடும்.

இரும்புச்சத்தைப் பாருங்கள்

மூளையில் இரும்புச்சத்து குறைவதும், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருளின் செயல்பாடு மாறுவதும் இந்நோயுடன் தொடர்புடையவை. ஹீமோகுளோபின் சரியாக இருப்பதனால் மட்டும் இரும்புச்சத்து போதுமானது என்று கொள்ளலாகாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டும். ஆய்வக அறிக்கை 'இயல்பு' என்று குறித்திருந்தாலும், இந்நோய் உள்ளவருக்கு ஃபெரிட்டின் அளவு 75 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து தருவதை மருத்துவர்கள் கருதுவர்.

மாத்திரை தரப்பட்டால் தேநீருடனோ காபியுடனோ பாலுடனோ உட்கொள்ள வேண்டாம். அவை இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைத் தொடங்கவும் வேண்டாம். மிகுதியான இரும்பு தீங்கு செய்யும். மிகையான மாதவிடாய், மூலம், குடற்புண் போன்றவற்றால் இரத்தம் இழக்கப்படுகிறதா என்பதையும் கண்டறிதல் வேண்டும்.

கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் இது தோன்றுவதுண்டு; பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் நீங்கிவிடும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடமும் இது மிகுதி. டயாலிசிஸின்போது மணிக்கணக்கில் அசையாதிருப்பது அவர்களுக்குப் பெருந்துன்பம். தாங்க முடியாமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் சொல்வதைவிட, காரணத்தைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைகளில் கவனம்

தூக்கம் வருமென்று சளி, ஒவ்வாமை மாத்திரைகளை விழுங்குவோர் உண்டு. மயக்கம் தரும் அவ்வகை மாத்திரைகள் பல, கால்களின் தவிப்பை மிகுவிக்கும். வாந்தியைத் தடுக்கும் சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் அவ்வாறே. ஆனால் எதனையும் தாமாக நிறுத்த வேண்டாம். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச்சென்று காட்டுங்கள்.

கடுமையான நிலையில் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. டோபமின் போலச் செயற்படும் மருந்துகளும் உண்டு. இவை தொடக்கத்தில் நன்கு உதவினாலும், சிலருக்கு நாளடைவில் தவிப்பு மாலைக்கு முன்பே தொடங்கி, கைகளுக்கும் பரவும். அப்போது அளவைத் தாமாகக் கூட்டினால் நிலை மோசமாகும். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

நண்பகலுக்குப் பின் காபி, தேநீரைத் தவிர்த்துப் பாருங்கள். மதுவும் புகையும் வேண்டாம். நாள்தோறும் மிதமான நடை நன்று. படுக்கும் நேரத்தில் கடும் உடற்பயிற்சி வேண்டாம். உறங்குமுன் காலை நீவிவிடுதல், வெதுவெதுப்பான நீரில் வைத்தல், தசைகளை மெல்ல நீட்டுதல் ஆகியவை பலருக்கு ஆறுதல் தருகின்றன. நீண்ட பேருந்துப் பயணத்தில் நடைவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள்.

அருகில் இருப்பவருக்கு

உறக்கத்தில் நோயாளியின் கால்கள் விட்டுவிட்டு உதறுவதை அவர் அறியமாட்டார், நீங்களே அறிவீர்கள். அதனை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் அவர் எழுந்து நடந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். கூடத்தில் சிறு விளக்கொன்று எரியட்டும், தடுக்கும் பொருள்கள் வழியில் இல்லாதிருக்கட்டும். உறங்காத இரவுக்கு மறுநாள் அவர் வண்டி ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வருமுன், ஒரு வாரம் குறிப்பெடுத்து வாருங்கள்: தவிப்பு தொடங்கிய நேரம், எத்தனை முறை எழுந்தார், அன்று உட்கொண்ட மருந்துகள், உறங்கிய மணிநேரம். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்ப நேரிடலாம். "அசைத்தால்தான் கால் அடங்குகிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.